நிறைய இருக்கிற பிராணி

மேரிசெலினுக்கு ஒரு பழக்கம். சுத்தமாக இருக்கும் எந்த இடத்தைக் கண்டாலும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிடுவாள். டெனிஷ்காரரும் வீட்டுக்குள் நுழையும்போது கழற்றுகிறவர்கள்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவள் டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்தில் முதன்முதலாகப் பல் வைத்தியரிடம் போனபோது சப்பாத்தை வெளியே வைத்துவிட்டு வெறும் மேசோடு, அதாவது காலுறையோடு, போய்க் கதிரையில் ஏறிப் படுத்தவள். தாதி சிரித்தாள். இவளுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. ஒரு இடத்தை மதித்தால் சப்பாத்து வெளியே நிற்கும், மட்டக்களப்பில் மாதா கோயிலிலும் அப்படித்தான், இதற்கு மேல் யோசிக்க இதில் ஏதும் இல்லை என்பது அவள் நினைப்பு. அந்த நினைப்புத்தான் முதலில் இருபத்தைந்து உயிரையும் பிறகு பத்தொன்பது உயிரையும் எடுத்தது.

அவள் வேலை செய்தது ஹோர்சன்ஸுக்கு வெளியே, பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் இருந்த ஒரு சின்ன மிருகக் காட்சிச்சாலையில். சிங்கம், யானை என்று பெரிய ஆரவாரம் ஒன்றும் அங்கே இல்லை. ஆடு, ஆந்தை, முள்ளம்பன்றி, சனிக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிப்போக இரண்டு மட்டக்குதிரை. அதன் பின்பக்கத்தில் ஒரு நீளக் கட்டடம். நடுவில் ஒரு நடை, நடையின் இரண்டு பக்கமும் இரண்டு அறைகள். இடது பக்கத்தில் சலமாண்டர்கள். வலது பக்கத்தில் தரை அணில்கள். இரண்டுக்கும் பொறுப்பு மேரிசெலின்தான்.

சலமாண்டர் என்பது பல்லியைப் போன்ற உருவம், தவளையைப் போன்ற ஈரத்தோல். இந்த வகை ஈரானும் ஈராக்கும் முட்டிக்கொள்கிற மலைப்பக்கத்து ஓடைகளில் மட்டும் வாழ்வது. கறுப்பு உடம்பில் மஞ்சள் பொட்டுகள். யுத்தமும் வறட்சியும் அதன் ஓடைகளைத் தின்றுவிட்டதால் உலகத்தில் அழிந்துபோகிற பட்டியலில் அதன் பெயர் ஏறியிருந்தது. இங்கே முப்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம், ஒரு புகைப்படம், ஒரு கோப்பு. ஏதாவதொரு சலமாண்டர் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் வேறொரு நாட்டில் இருக்கும் ஒரு பேராசிரியருக்குக் கடிதம் போகும்.

தரை அணில்கள் அமெரிக்காவின் புல்வெளிகளில் இருந்து வந்த இனம். நம் அணில்போல முதுகில் கோடு கிடையாது, மரம் ஏறாது, நிலத்தைத் தோண்டிக்கொண்டு கூட்டமாக வாழும். தன் ஊரில் தோட்டக்காரர்கள் நஞ்சு வைத்துக் கொல்கிற சாதி. இங்கே பத்தொன்பது. இவற்றுக்குக் கோப்பும் இல்லை, புகைப்படமும் இல்லை. கதவில் தொங்கும் ஒரு தாளில் மாதம் ஒருமுறை தொகை எழுதுவார்கள். ஒன்று செத்தால் தொகையில் ஒன்றைக் குறைத்துவிட்டு உடலை ஆந்தைக்குப் போடுவார்கள். மனிதர்களுக்குள்ளும் இந்த இரண்டு வகைக் கவனிப்பையும் பார்த்தவள் என்பதால் மேரிசெலின் இதில் அதிர்ச்சியடையவில்லை.

அவளுடைய விருப்பம் மட்டும் தலைகீழாக இருந்தது. சலமாண்டர்களிடம் அவளுக்கு மரியாதை. அணில்களிடம்தான் பாசம். கோடையில் விதை வாளியோடு அவள் போனால் பத்தொன்பதும் பின்னங்காலில் எழுந்து நிற்கும். கிழிந்த காது உள்ள ஒரு கிழட்டுப் பெண் அணில் பிந்தி வந்தாளென்று அவளை ஏசும். அதற்கு அவள் மாமி என்று பெயர் வைத்திருந்தாள். மாமியின் ஏச்சைக் கேட்டால்தான் அவளுக்கு நாள் தொடங்கின மாதிரி இருக்கும்.

மகள் நிலக்சிக்குப் பத்து வயது. அந்த ஒக்டோபரில் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். அழிந்துபோகும் ஒரு பிராணியையும் சாதாரணமான ஒரு பிராணியையும் எடுத்து, பெரிய மட்டையில் அட்டவணை போட்டு ஒப்பிட வேண்டும். வகுப்பில் எல்லாரும் பனிக்கரடி, புலி என்று இணையத்தில் தேடிக்கொண்டிருக்க, நிலக்சி அம்மாவின் இரண்டு பிராணிகளையும் எடுத்தாள். எங்கே வாழும், என்ன தின்னும், எத்தனை வருடம் இருக்கும், யார் எதிரி, உலகத்தில் எத்தனை மிச்சம் என்று வரிசை வரிசையாகக் கேட்டாள். கேள்வியெல்லாம் டெனிஷில், பதிலெல்லாம் தமிழில். கடைசி வரிசை, ஏன் குறைந்து வருகின்றன என்பது. சலமாண்டருக்கு நாலு வரி எழுதினாள். அணிலுக்கு ஒரே சொல், குறையவில்லை.

இனி அந்த நீலத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சலமாண்டர் அறை வாசலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டு, அதில் கிருமிநாசினி கலந்த நீலத் தண்ணீர். உள்ளே போகிறவர் பூட்ஸோடு அதில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். மற்ற நாலு வேலையாட்களும் அப்படித்தான் செய்தார்கள். ஆட்டுப் புழுக்கை ஒட்டிய பூட்ஸை அந்தத் தண்ணீரில் நனைத்து, சளக் சளக்கென்று உள்ளே நடந்தார்கள். மேரிசெலினுக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கும். ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமாக வைத்திருக்கிற அறை, அதற்குள் புழுக்கைப் பூட்ஸா என்று நினைப்பாள். முதல் மாதம் அவளும் சொன்னபடி செய்தாள். பிறகு தனியாக இருக்கும்போதெல்லாம் பூட்ஸை நடையிலேயே கழற்றி வைத்தாள், மேஸ் நனையாமல் தட்டை எட்டிக் கடந்தாள், மேசோடு உள்ளே போனாள். எல்லாரையும்விடத் தான்தான் சுத்தமாகப் போகிறோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அவளுடைய இடது பூட்ஸ் குதிக்காலில் வெடித்திருந்தது. ஒக்டோபரில் அணில்களின் குளிர்கால உறக்கத்துக்காக ஜெர்மனியில் இருந்து மூட்டை மூட்டையாகக் காட்டு மண்ணும் பாசியும் வந்தன. அந்த ஈர மண்ணை அவள்தான் வெட்டிப் பரப்பி, பெட்டிகளுக்குள் நிரப்பினாள். மேஸ் நனைந்தது அவளுக்குத் தெரியும். புதுப் பூட்ஸ் கேட்க வேண்டும் என்று நினைத்தாள், மறந்துபோனாள். அன்று மத்தியானம் வழக்கம்போலப் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சலமாண்டர்களுக்குப் புழு போடப் போனாள்.

நவம்பர் நடுவில் பதினான்காம் இலக்கம் தின்ன மறுத்தது. இரண்டு நாளில் அதன் மஞ்சள் பொட்டின் ஓரத்தில் சின்னப் புண். தோல் உரிந்து உரிந்து தண்ணீரில் மிதந்தது. அதற்குப் பிறகு நாளுக்கு ஒன்று, சில நாள் மூன்று. காலையில் கதவைத் திறக்கும்போது வெள்ளை வயிறு மேலே தெரிய மிதப்பவற்றை எண்ணுவதே அவளுடைய முதல் வேலையாகிப்போனது. மிருக வைத்தியர் அறையைச் சூடாக்கி மருந்து போட்டார். மிஞ்சியது ஆறு.

டிசம்பரில் பரிசோதனை முடிவு வந்தது. சலமாண்டர்களின் தோலைத் தின்கிற ஒரு பூஞ்சணம். வேறெந்த இடத்திலும் இல்லை, அணில் அறையின் ஜெர்மன் மண்ணில் மட்டும் இருந்தது. அணில்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் அவற்றின் உரோமத்திலும் நகத்திலும் ஒட்டியிருக்கலாம். பொறுப்பாளர் கிர்ஸ்தன் எல்லாரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டாள். அறுபது வயது மனுசி, சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள். மேசையைச் சுற்றி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் பூட்ஸோடு தட்டில் நின்றுவிட்டா உள்ளே போனீர்கள்?

நாலு பேரும் ஓம் என்றார்கள். மேரிசெலினின் முறை வந்தது. அதுவரைக்கும் தான் செய்தது பிழையென்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட அந்த நொடியில்தான் நனைந்த மேஸும் வெடித்த குதிக்காலும் ஒன்றாக ஞாபகம் வந்தன.

"யா," என்றாள்.

அவ்வளவுதான். ஒரே ஒரு எழுத்து என்றுகூடச் சொல்லலாம். கிர்ஸ்தன் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு சொன்னதைக் கேட்டபோதுதான் அந்த ஒரு எழுத்தின் பாரம் தெரிந்தது. எல்லாரும் விதிப்படிதான் நடந்திருக்கிறார்கள், அப்படி இருந்தும் நோய் நடையைத் தாண்டி வந்துவிட்டது, ஆகவே தட்டை நம்பிப் பயனில்லை என்றாள் கிர்ஸ்தன். யாராவது விதியை மீறியிருந்தால் கதை வேறு, அணில்களைக் கழுவி, மண்ணை எரித்து, தனியாக வைத்துக் காப்பாற்றலாம். இப்போது அதற்கு வழியில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டையும் வைத்திருக்க முடியாது, வேறு எந்தப் பூங்காவும் இந்த அணில்களை எடுக்காது. மிச்சமுள்ள ஆறு சலமாண்டர்கள் உலகத்துக்கே தேவை. அணில்கள் நிறைய இருக்கின்றன.

அன்று பின்னேரம் குசினியில் வைத்துக் கணவன் லோரன்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லோரன்ஸ் சின்ன வயதிலேயே தகப்பனோடு அகதியாக வந்து டெனிஷ் குடியுரிமை எடுத்தவன், ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சில் அடைப்பு வந்து இரண்டு குழாய் வைத்திருந்தார்கள். மேரிசெலின் கல்யாணமாகி வந்தவள். அவளுடைய விசா அவனோடு ஒட்டிய விசா. அவன் கண்ணை மூடினால் அவளைப் போகச் சொல்லவும் இடமிருந்தது, பிள்ளை டெனிஷ் பிள்ளையாக இங்கே நிற்கும். அந்தப் பயத்தில்தான் அவள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்கு நாலு வருடத்தில் மூன்றரை வருடம் முழுநேர வேலை காட்ட வேண்டும், முடிவு வருகிற நாளிலும் வேலையில் இருக்க வேண்டும். முடிவு எந்தக் கிழமையும் வரலாம் என்ற நிலை.

லோரன்ஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"உண்மையைச் சொன்னா உன்னை வச்சிருப்பினமோ?"

"தெரியாது. இருபத்தைஞ்சு செத்திருக்கு. அதுக்குமேல பொய் வேற சொல்லிப்போட்டன்."

"அப்ப வாயைத் திறக்காத. எனக்கு நாளைக்கு ஒண்டு நடந்தா நீயும் பிள்ளையும் ரெண்டு நாட்டில நிப்பியள். பாவமெண்டா கிறிஸ்துநாயகம் சுவாமியிட்டச் சொல்லு. கிர்ஸ்தனிட்டச் சொல்லாத."

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவன் சொல்கிற புத்தி எப்போதும் நியாயமாகத்தான் கேட்கும். மேரிசெலினும் மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற தமிழ்ப் பூசைக்குப் போனாள், பாவசங்கீர்த்தனத்தில் வேலைத்தலத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்றாள். பாதிரியார் கிறிஸ்துநாயகம் சுவாமியிடம் அவளுக்குப் பின்னால் இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அவள் பஸ்ஸில் வரும்போதே மூன்றையும் சொல்லி முடித்தாள். நெஞ்சில் இருந்த கல் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஜனவரி நடுவில் ஒரு வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். கிர்ஸ்தன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, விரும்பினால் அன்று வீட்டில் நிற்கலாம் என்றாள். மேரிசெலின் மறுத்துவிட்டாள். தெரியாத கையில் அவை சாக வேண்டாம் என்று காரணம் சொன்னாள். அதில் பாதி உண்மை. மறுபாதி, கடைசி நிமிடத்தில் எப்படியும் வாயைத் திறந்துவிடுவோம் என்ற நம்பிக்கை.

தரை அணில்கள் அப்போது குளிர்கால உறக்கத்தில் இருந்தன. அதைச் சும்மா தூக்கம் என்று நினைக்கக் கூடாது. மூக்கை வயிற்றில் செருகி, வாலைத் தலைமேல் போட்டு, உருண்டையாகிக் கிடக்கும். தொட்டால் ஐஸ். இதயம் நிமிடத்துக்கு நாலைந்து முறைதான் அடிக்கும். பத்தொன்பதையும் அப்படியே, ஒன்றும் தெரியாமல் முடித்துவிடுவார்கள் என்றுதான் மேரிசெலின் நினைத்திருந்தாள். அதுதான் அவளுடைய ஒரே ஆறுதலாக இருந்தது.

மிருக வைத்தியர் வந்து அந்த ஆறுதலையும் பிடுங்கினார். இளம் பெடியன், நல்லவன், மெதுவாக விளக்கினான். இந்த நிலையில் ஊசி போட்டால் மருந்து உடம்பில் ஓடாது, மயக்க வாயுவையும் இழுக்க மாட்டாது, ஏனென்றால் மூச்சு இல்லாத மாதிரித்தான். அரைகுறையாகச் செத்து அரைகுறையாகக் கிடக்கும். ஆகவே முதலில் எழுப்ப வேண்டும். எழுப்பிச் சூடாக்கி, இதயம் ஒழுங்காக அடிக்கத் தொடங்கிய பிறகுதான் கொல்லலாம். அதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் பிடிக்கும்.

உணவு தயாரிக்கும் அறையில் சூட்டு விளக்குகளைக் கட்டினார்கள். மேரிசெலின் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தாள். உருண்டைகளைப் பாசியோடு எடுத்து, துவாய் விரித்த தட்டுகளில் வரிசையாக வைத்தாள். காலை ஒன்பது மணி. வெளியே சாம்பல் வெளிச்சம், தூறல். வைத்தியர் கோப்பி குடித்துக்கொண்டு ஏதோ பத்திரம் நிரப்பினார். கிர்ஸ்தன் ஜன்னலோரம் நின்று மூக்கைச் சிந்தினாள். அழுகிறாள் என்று மேரிசெலினுக்குத் தெரிந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தீர்ப்பெழுதினவளும் இவளே, ஒப்பாரி வைக்கிறவளும் இவளே என்று மனதுக்குள் ஏசினாள். அடுத்த கணமே அந்த ஏச்சு தன்மேல்தான் வந்து விழுகிறது என்று தெரிந்து வாயை இறுக மூடிக்கொண்டாள்.

ஒரு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மணித்தியாலம் இருக்கிறது, சொல்லலாம், அடுத்த பத்து நிமிடத்தில் சொல்லலாம் என்று அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்ல வேண்டிய டெனிஷ் வசனத்தைக்கூட ஆயத்தப்படுத்திவிட்டாள். நான் தட்டில் நிற்கவில்லை, பிழை என்னுடையது. பிள்ளைகளின் முதல் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற அளவு சுலபமான வசனம் அது.

பத்தரைக்கு முதல் மீசை துடித்தது. பிறகு ஒரு நடுக்கம், காய்ச்சல்காரனைப்போல. முதலில் தலையும் நெஞ்சும்தான் சூடாகும், பின்பாதி அப்படியே குளிர்ந்து கிடக்கும். ஆகவே அவை முன்கால்களால் இழுத்து இழுத்து, செத்த பாதியைக் காவிக்கொண்டு துவாயில் நகர்ந்தன. மெல்லக் கண் திறந்தது. திறந்த கண்ணுக்கு முதலில் தெரிந்தது மேரிசெலின். அவளைக் கண்டால் விதை வரும் என்பதுதான் அவற்றின் உலக அறிவு. ஒவ்வொன்றாக எழுந்து நிற்கப் பார்த்து, நிற்க முடியாமல் சரிந்து, திரும்பவும் பார்த்தன. வைத்தியர் தலையசைத்தார். அவள் சூரியகாந்தி விதையைக் கொண்டுவந்து ஒவ்வொன்றின் முன்னும் வைத்தாள். சில தின்றன. சில வசந்தத்துக்கென்று கன்னத்துக்குள் அடக்கி வைத்தன.

பதினொன்றரைக்குத் தொடங்கினார்கள். முதலில் எழுந்தது முதலில் போகும். அவள் தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட வேண்டும். வாயு வரும், சரியும், வைத்தியர் எடுத்து ஊசி போடுவார். ஒன்று. இரண்டு. மூன்றாவது அவளுடைய கட்டைவிரலை நக்கிவிட்டுப் போனது. ஒவ்வொரு தடவையும் அந்த வசனம் தொண்டைவரை வந்தது. ஒவ்வொரு தடவையும் லோரன்ஸின் நெஞ்சும் நிலக்சியின் முகமும் அதை உள்ளே தள்ளின. ஏழு முடிந்தது.

அப்போது தொலைபேசி அதிர்ந்தது. லோரன்ஸ். வேலை நேரத்தில் அவன் எடுப்பதில்லை, எடுத்தால் நெஞ்சு வலியாக இருக்கும். அவள் நடைக்கு ஓடினாள்.

"செலின்," அவன் குரல் உடைந்திருந்தது. "ஈ-பொக்ஸைப் பாரடி. கடிதம் வந்திட்டுது. என்ர போனுக்கும் அறிவித்தல் வந்தது. கிடைச்சிட்டுது. நிரந்தரம்."

அரசாங்கக் கடிதம் எல்லாம் வந்து விழுகிற அந்தப் பெட்டியைத் தொலைபேசியில் திறந்தாள். அவள் பெயர். அனுமதி. முடியும் தேதி இருக்க வேண்டிய இடத்தில் தேதி இல்லை. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு பக்கம் சலமாண்டர் அறை, ஆறு உயிர், சூடான இருட்டு. வாசலில் நீலத் தட்டு. மறுபக்கம் வெறும் அணில் அறை. பதினொரு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் இறங்கிப் போவதை உடம்பே உணர்ந்தது.

இனி அவளை யாரும் எங்கேயும் போகச் சொல்ல முடியாது. வேலை போனால் போகட்டும், வேறு வேலை தேடலாம். உள்ளே பன்னிரண்டு அணில் உயிரோடு விதை தின்றுகொண்டிருந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு போய் அந்த வசனத்தைச் சொன்னால் போதும்.

அவள் கதவைத் தள்ளினாள். முகத்தைப் பார்த்துக் கிர்ஸ்தன் பயந்துபோய் என்ன நடந்தது என்று கேட்டாள். மேரிசெலின் கடிதத்தைக் காட்டினாள். கிர்ஸ்தன் வாசித்தாள், அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நீ இங்கேதான், நீ எங்களுடையவள் என்று காதுக்குள் சொன்னாள். வைத்தியர் கையுறையைக் கழற்றிவிட்டு வாழ்த்துச் சொல்லிக் கைகொடுத்தார். செத்த ஏழும் கறுப்புப் பையில் மேசைக்குக் கீழே இருந்தன. உயிரோடிருந்த பன்னிரண்டும் தட்டில் இருந்து பார்த்தன.

இப்போது சொல், இப்போதே சொல் என்று அவள் மனம் கத்தியது. நாக்கு எழும்பவில்லை. பயம் போய்விட்டதே, இன்னும் என்ன தடுக்கிறது என்று அவளே திகைத்தாள். கறுப்புப் பையைப் பார்த்தபோது விளங்கியது. இப்போது சொன்னால் அந்த ஏழும் ஒரு பொய்க்காகச் செத்தவை ஆகிவிடும். கையால் தூக்கிக் கொடுத்தவள் அவள். கட்டைவிரலை நக்கிய மூன்றாவதும் அதற்குள்தான் கிடக்கிறது. சொல்லாவிட்டால் அவை நோய்க்காகச் செத்தவை. கிர்ஸ்தனின் கை இன்னும் அவள் தோளில் இருந்தது. நீ எங்களுடையவள் என்று சொன்ன அந்தக் கை விலகுவதைப் பார்க்கவும் அவளுக்குத் தைரியம் இல்லை. எல்லாம் சேர்ந்து வெட்கம். இத்தனை நாளும் விசா, விசா என்று நம்பிக்கொண்டிருந்தது வெறும் சாட்டு, ஒரு நொண்டிச்சாக்கு.

தொடரலாமா என்று வைத்தியர் கேட்டார்.

அவள் எட்டாவதைத் தூக்கினாள். அதற்குப் பிறகு கை பழகிவிட்டது, அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறாதது. ஒன்பது, பத்து, பதினொன்று என்று பின்னேர வேலையைப்போல நடந்தது. மாமி கடைசியாகத்தான் எழுந்தது, கிழடல்லவா. எழுந்ததும் கிழிந்த காதை ஒருமுறை உதறிவிட்டு, பிந்தி வந்ததற்கு அவளை ஏசத் தொடங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் விட்ட பிறகும் ஏசியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது. கன்னத்தில் அடக்கிய விதைகள் இரண்டு வெளியே விழுந்தன.

மூன்று மணிக்கு முன்னே எல்லாம் முடிந்தது. மேரிசெலின் கதவில் தொங்கிய தாளில் பத்தொன்பது என்பதைக் கீறிவிட்டுப் பூச்சியம் எழுதினாள். கிர்ஸ்தன் அவளைத் தன் காரிலேயே கொண்டுவந்து வீட்டில் இறக்கினாள். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, கடிதத்துக்காக ஒரு பூங்கொத்தும் வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டில் லோரன்ஸ் கேக் வாங்கி வைத்திருந்தான். ஹேர்னிங்கில் இருக்கிற அண்ணனுக்கும் கோல்டிங்கில் இருக்கிற சொந்தக்காரருக்கும் தொலைபேசியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். பூங்கொத்தைப் பார்த்ததும் சிரித்தான். அவளைத் தனியாக இழுத்து, பார்த்தியா, வாயைத் திறக்காம இருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு என்றான். கடிதம் எத்தனையாவது அணிலில் வந்தது என்று அவளும் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையில் நிலக்சியின் மட்டை விரிந்து கிடந்தது. தள்ளித் தள்ளிப் போய், அடுத்த நாள்தான் அதை வகுப்பில் காட்ட வேண்டும். அவளுக்கு அணில்கள் சாகப் போவது தெரியும், கிழமை முழுக்க அழுது முடித்திருந்தாள். கையில் பேனையோடு கடைசி வரிசையைக் காட்டினாள். ஏன் குறைந்து வருகின்றன என்ற இடத்தில் அணிலுக்குக் குறையவில்லை என்று எழுதியிருக்கிறது, இப்போது இங்கே ஒன்றுமே இல்லையே, மாற்ற வேண்டுமா, மாற்றினால் என்ன காரணம் எழுதுவது என்று டெனிஷில் கேட்டாள்.

மேரிசெலின் குனிந்து அந்த ஒற்றைச் சொல்லை வாசித்தாள். அந்த வீட்டிலேயே உண்மையைக் கேட்டது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

"மாத்தத் தேவையில்லை," என்றாள். "அது உலகத்தில நிறைய இருக்குது."

நிலக்சி பேனையை மூடினாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள். வாசலில் இருந்து மேசைவரை வெள்ளைத் தரையில் மண்ணும் பாசியுமாக அடித்தடங்கள் வந்திருந்தன.

"அம்மா," என்றாள், இந்த முறை தமிழில், "நீங்க சப்பாத்தைக் கழட்டேல்ல."